மோட்டார் இழுக்கலை

போன வாரம் பக்கத்துத் திட்டிலிருந்து ஒருத்தர் போன் பண்ணினார். "அண்ணே, போட் மோட்டார் இழுக்கலை. ஸ்டார்ட் ஆவுது, மெதுவா ஓடுது. ஆனா முறுக்கினா வேகம் எடுக்க மாட்டேங்குது. டவுன்ல காட்டினேன், போர் போயிடுச்சு, முப்பதாயிரம் ஆவும்ங்கிறாங்க. உங்களுக்கும் அப்ப இப்படித்தானே ஆச்சு, என்ன பண்ணீங்க?"

அவருக்கு நாலு கேள்வி கேட்டுவிட்டு, மீதியை எழுதி அனுப்புறேன்னு சொன்னேன். எழுத உட்கார்ந்தால் கதை மோட்டாரில் நிற்கவில்லை. எனக்கு வெட்கமான ஒரு விஷயமும் அதில் இருக்கு. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில், விவசாயம் பண்ணுகிறவனுக்குப் போட் மோட்டார் எதுக்குன்னு கேட்பவர்களுக்காக.

எங்க வீடும் கொல்லையும் கொள்ளிடத்துப் படுகையில் இருக்கு. சீர்காழிக்கு வடக்கே, கரைக்கு உள்பக்கம். வண்டல் மண். மல்லிகை, கத்தரி, வெண்டை, வாழை எது வைத்தாலும் வரும். வருஷத்தில் பத்து மாசம் சொர்க்கம். மீதி ரெண்டு மாசம் மேட்டூர் நிரம்புதா இல்லையான்னு செய்தி பார்த்துக்கொண்டே இருக்கணும். மேட்டூரில் 120 அடி நிரம்பி, கர்நாடகத் தண்ணீரும் சேர்ந்து வந்தால், முக்கொம்பிலும் கல்லணையிலும் உபரியை எல்லாம் கொள்ளிடத்தில்தான் திருப்பி விடுவார்கள். காவிரி தாங்காது, கொள்ளிடம்தான் வெள்ளத்துக்கு வடிகால். அந்த வடிகாலுக்குள்ளேதான் நாங்க குடியிருக்கோம்.

2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகு உடைந்து போனதை எல்லாரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளத்தில் நாங்க கரையேற ஒரு பகல் முழுக்கக் காத்துக் கிடந்தோம். படகு வந்தது, ஆனால் எல்லாத் திட்டுக்கும் அதே படகுதான். அப்போதுதான் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு முடிவு பண்ணினோம். வீட்டுக்கு இவ்வளவுன்னு போட்டு, பழைய பைபர் போட் ஒன்றும், செகண்ட் ஹேண்டில் ஒரு அவுட்போர்டு மோட்டாரும் 2019-ல் வாங்கினோம். ரெண்டு சிலிண்டர், ரெண்டு ஸ்ட்ரோக், 9.9 குதிரைசக்தி. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற வகை. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணணும். வயசு இருபதுக்குக் குறையாது.

மோட்டாரைப் பார்த்துக்கிற பொறுப்பு எனக்கு. ஆயில் இன்ஜினும் பவர் ஸ்பிரேயரும் நானே பிரித்து மாட்டுவேன், அந்தத் திமிரில் நானேதான் வாங்கிக்கொண்டேன்.

மூணு வருஷம் பெரிய வேலை இல்லை. 2022 ஆகஸ்ட்டில் வந்தது.

அன்றைக்குக் காலையில் தண்ணீர் வாழைக் கொல்லைக்குள் புகுந்துவிட்டது. ரெண்டு நடை போய் வந்தாச்சு, பெண்களையும் வயசானவர்களையும் கரையில் விட்டாச்சு. ரெண்டு நடையும் தண்ணீர் தேங்கி நின்ற கொல்லை வழியா, மெதுவாத்தான். மூணாவது நடையில் நான், என் பையன், கிழக்கு வீட்டு அத்தை, அவர்களுடைய மூணு ஆடு, எங்க கன்னுக்குட்டி ஒன்று. அத்தை முதல் நடையில் வர மாட்டேன்னுட்டாங்க. ஆட்டை விட்டுட்டு வர முடியாதுன்னு ஒரே பிடிவாதம். பையனுக்கு அப்போது பதினொரு வயசு. கன்னுக்குட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேணும்னு அவனை ஏற்றினேன்.

அதற்குள் கொல்லை வழியில் வேலியும் வாழையும் மிதக்க ஆரம்பித்துவிட்டதால், ஆற்றின் இழுப்பில் இறங்கிச் சுற்றித்தான் கரைக்குப் போகணும். இழுப்பில் போனதும் முழுசா முறுக்கினேன். நல்லாத்தான் போனது. ரெண்டு நிமிஷம் இருக்கும், சத்தம் கம்மியாச்சு. இன்ஜின் நிற்கவில்லை, ஆனா மூச்சு வாங்கின மாடு மாதிரி ஆகிவிட்டது. முறுக்கைக் குறைத்தால் கொஞ்சம் தெளியும், மறுபடி முறுக்கினால் மறுபடி படுக்கும். குறைந்த வேகத்தில் அந்தத் தண்ணீரை எதிர்த்து நிற்கவே முடியாது. படகு கிழக்கே, கடல் பக்கமாகப் போக ஆரம்பித்தது.

பெட்ரோல் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் குழாயில் இருக்கிற ரப்பர் பந்தை அமுக்கினான். ஸ்டார்ட் பண்ணும்போது நான் அமுக்குவதைப் பார்த்திருக்கான். அமுக்கினதும் இன்ஜின் சத்தம் ஏறியது, நாலு நொடி, திரும்பவும் விழுந்தது.

"அப்பா, இத அமுக்கினா ஓடுதுப்பா. ஆனா பந்து சப்பையாவே கிடக்குது, திரும்ப எழும்ப மாட்டேங்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா இருடா, கன்னுக்குட்டியப் புடி"ன்னு கத்தினேன்.

அவன் பயந்து பந்தை விட்டுட்டான். படகு ஒரு சுழியில் திரும்பியது. ஒரு ஆடு மிரண்டு குதித்தது. அத்தை கையை நீட்டினதும் நான் அவங்க புடவையைப் பிடித்துக்கொண்டேன். ஆடு போச்சு. கொஞ்ச தூரம் தலை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய், பாதி முங்கி நின்ற ஒரு புங்க மரத்தில் கயிற்றை வீசிக் கட்டினோம். அரை மணி நேரத்துக்கு அப்புறம் பழையாறு மீனவர்கள் ஒரு படகில் வந்து எங்களை இழுத்துக் கரையில் விட்டார்கள். அந்தப் படகில் இருந்த பெரியவர் ஒருவர் எங்க மோட்டாரை ஒரு பார்வை பார்த்துட்டு, "தண்ணி வடிஞ்சதும் இத எங்கிட்ட கொண்டா தம்பி. அதுக்குள்ள யார்கிட்டயும் கொடுத்துப் பிரிச்சுடாத"ன்னு மட்டும் சொன்னார்.

நான் அவரிடம் போகவில்லை. டவுனில் பைக் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்டாண்டில் மாட்டி, 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் விட்டு ஓட்டினார். டிரம்மில் அழகா ஓடியது. "வயசாயிடுச்சுண்ணே, போர் தேஞ்சிருக்கும். பிஸ்டன், ரிங், போர் வேலை, எல்லாம் சேர்த்து இருபத்தஞ்சு"ன்னார். வாழை ஒரு மரம் மிஞ்சாத வருஷம் அது. இருபத்தைந்தாயிரத்துக்கு எங்கே போவது? மோட்டாரைக் கொண்டு வந்து மாட்டுக் கொட்டகையில் சாத்தி வைத்தேன். கேட்டவர்களிடம் எல்லாம் "மோட்டார் பழசு, ஏமாந்துட்டோம்"ன்னு சொன்னேன். நாலு மாசம் அதையே சொன்னேன்.

தை மாசம் வெண்டைக்காய் போட பழையாறு துறைமுகம் பக்கம் போனபோது அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துவிட்டார். "என்ன தம்பி, மோட்டாரு எங்க?" அடுத்த வாரம் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனேன். பையனும் வந்தான், லீவு நாள்.

பெரியவர் ஸ்பேனரே எடுக்கவில்லை. வலை பின்னிக்கொண்டே கேள்வி கேட்டார்.

"இழுவை குறையறப்ப சத்தம் ஏறிச்சா, இறங்கிச்சா?"

இறங்கிச்சு.

"அப்ப விசிறி இல்ல. விசிறின்னா இன்ஜின் கத்தும், படகு போவாது."

இது ரொம்ப முக்கியமான முதல் பிரிவு. தண்ணீரைத் தள்ளுகிற விசிறிக்கு நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கு. கல்லில் அடித்தால் இன்ஜின் உடையக் கூடாதுன்னு அது வழுக்கிக் கொடுக்கும். பழசானால் சும்மாவே வழுக்கும். அப்போது இன்ஜின் முழு வேகத்தில் கத்தும், படகு நகராது. விசிறி நுனி மழுங்கியிருந்தாலும், வலை நரம்பு சுற்றியிருந்தாலும் இழுவை போகும். அதனால முதலில் விசிறியைக் கண்ணால் பார்த்துவிடணும், காசு இல்லாத வேலை.

"எடுத்த எடுப்பிலேயே இழுக்கலையா, கொஞ்சம் ஓடிட்டு விழுந்துச்சா?"

ரெண்டு நிமிஷம் நல்லா ஓடிட்டு.

"அப்ப போரு இல்ல. போரு போனா எடுத்ததுலேருந்தே போன மாதிரிதான் இருக்கும். ரெண்டு நிமிஷம் நல்லாருந்து மூணாவது நிமிஷம் போவாது."

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. எங்க ஆயில் இன்ஜினுக்கும் இதே கணக்குத்தானே. கொஞ்ச நேரம் ஓடி நின்றால் முதலில் டீசல் வருதான்னுதான் பார்ப்பேன். இந்த மோட்டாருக்கு மட்டும் அந்தப் புத்தி ஏன் வரவில்லை?

"டேங்க் மூடியில காத்துத் திருகு தொறந்திருந்துச்சா?"

திறந்துதான் இருந்துச்சு. எனக்கு அது தெரியும். மூடி இறுக்கமா இருந்தால், பெட்ரோல் உறிஞ்ச உறிஞ்ச டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, அப்புறம் பெட்ரோல் வராது. டேங்கின் ரெண்டு பக்கமும் உள்ளே வாங்கியிருக்கும்.

"பந்து எப்படி இருந்துச்சு?"

நான் முழித்தேன். பையன் சொன்னான், "சப்பையா இருந்துச்சு தாத்தா. அமுக்கினா கொஞ்சம் ஓடும். அப்புறம் பந்து மெதுவாத்தான் எழும்பும்."

பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "அன்னிக்கே புள்ள உங்கிட்ட சொல்லலியா?"

நான் பதில் சொல்லவில்லை.

பந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் குழாயில் இருக்கிற ரப்பர் பந்துக்குள் ரெண்டு வால்வு இருக்கு. ஸ்டார்ட் பண்ண முதலில் கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றுகிறோம். ஓட ஆரம்பித்ததும் இன்ஜினில் இருக்கிற சின்ன டயாப்ரம் பம்ப் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஓடும்போது பந்து உள்ளே இழுத்துச் சப்பையானால், பந்துக்கு முன்னாடி, அதாவது டேங்க் பக்கம் அடைப்பு. பந்து சப்பையாகவில்லை, ஆனால் அமுக்கினால் மட்டும் ஓடுதுன்னா, இன்ஜினில் இருக்கிற பம்ப் டயாப்ரம் வீக்கு, இல்லை எங்கேயோ காற்று வாங்குது. பந்து கல்லு மாதிரி நிறைந்தே இருக்கு, அமுக்கினாலும் மாற்றமில்லைன்னா பெட்ரோல் பக்கத்தை விட்டுவிட்டு, கார்பரேட்டர் ஜெட், பிளக், காயில்னு உள்ளே போகலாம். ஒரு பந்து இவ்வளவு சொல்லும்.

அப்புறம் போட்டில் மாட்டி, துறையில் ஒரு கம்பத்தில் படகைக் கயிற்றால் கட்டிப்போட்டு, கியர் போட்டு முழுசா முறுக்கச் சொன்னார். டிரம்மில் நியூட்ரலில் ஓட்டுவது பிரயோஜனம் இல்லை, சுமை இருந்தாத்தான் நோய் வெளியே வரும்னார். நுகத்தடியை மட்டும் மாட்டி நடத்திப் பார்த்தால் எல்லா மாடும் நல்ல மாடுதான், ஏர் பூட்டினால்தானே தெரியும். டவுன் மெக்கானிக்குக்கும் எனக்கும் தப்பானது அங்கேதான்.

கட்டிப்போட்ட படகில் ரெண்டாவது நிமிஷம், அச்சு அசலா அன்றைக்கு மாதிரியே, சத்தம் விழுந்தது. பந்து சப்பை.

அவர் தன் படகிலிருந்து டேங்கையும் குழாயையும் சேர்த்துக் கொண்டு வந்து மாட்டினார். ஓடியது. பத்து நிமிஷம் முழு வேகத்தில், ஒரு இருமல் இல்லாமல். அடுத்து எங்க டேங்க், அவர் குழாய். அதுவும் ஓடியது. அப்புறம் மிச்சம் என்ன? எங்க குழாய்.

டேங்கிலிருந்து பந்து வரைக்கும் இருந்த குழாயை எடுத்து, கத்தியால் நீளவாக்கில் கீறிக் காட்டினார். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. உள்ளே இருந்த படலம் தனியாகக் கழன்று, பாம்புச் சட்டை மாதிரி சுருங்கிக் கிடந்தது. மெதுவா ஓட்டும்போது பெட்ரோல் அதன் ஓரமாகக் கசிந்து போயிடும். முழு வேகத்தில் பம்ப் இழுக்கிற இழுப்பில் அந்தப் படலம் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். கார்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோலும் பந்தில் இருக்கிறதும் தீர்கிற வரைக்கும்தான் அந்த ரெண்டு நிமிஷம்.

"இது பெட்ரோல் குழாயே இல்லியே தம்பி. யாரு போட்டா?"

நான்தான் போட்டேன்.

வெட்கமான விஷயம்னு சொன்னேனே, அது இதுதான். 2019-ல் மோட்டார் வாங்கும்போது பழைய குழாய் வெடித்திருந்தது. பந்தோட சேர்த்துச் சரியான குழாய் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் சொன்னாங்க. பூச்சிமருந்துக் கடையில் ஸ்பிரேயர் குழாய் நாலு மீட்டர் நூற்று அறுபது ரூபாய். மருந்தையே தாங்குது, பெட்ரோலைத் தாங்காதான்னு நினைத்தேன். வெட்டி, கிளிப் போட்டு, பழைய பந்தில் மாட்டினேன். நாலு வீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன்னு பெருமை வேற.

மருந்து தண்ணீரில் கலந்தது. பெட்ரோல் அப்படி இல்லை, அது பிளாஸ்டிக்குக்குள் ஊறும். அதிலும் இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2022-ல் பத்து சதவீதம் இருந்தது, இப்போது இருபது. பழைய மோட்டாரின் ரப்பர், டயாப்ரம், குழாய் எல்லாம் அது வராத காலத்தில் செய்தவை. அதோட, எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அதிகமாச்சுன்னா எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிடும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். அதனால மாசக்கணக்கில் பெட்ரோலை டேங்கில் வைத்திருக்கக் கூடாது. நான் மூணு வருஷமும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார், அதைக் கேட்டுத்தான் எனக்குக் கை நடுங்கியது. "இது ரெண்டு ஸ்ட்ரோக்கு. ஆயில் தனியாப் போவல, பெட்ரோலோடதான் போவுது. பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும். நீ அன்னிக்கு இன்னும் பத்து நிமிஷம் முறுக்கிட்டே இருந்திருந்தா பிஸ்டன் பிடிச்சிருக்கும். அந்த மெக்கானிக்கு சொன்ன போரு வேலை நெசமாவே வந்திருக்கும்."

பிளக் ரெண்டையும் கழற்றிப் பார்த்தோம். நல்லா எரிகிற பிளக் நுனி லேசான காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். நனைந்து கறுப்பா இருந்தால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை, இல்லை ஆயில் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தாமல் காய்ந்திருக்கு. எங்களுடையது ரெண்டுமே வெளுத்துப் போய் இருந்தது. மீட்டர் வைத்துக் கம்ப்ரெஷன் பார்த்தார். ஒன்று 110, இன்னொன்று 108. ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருந்தால் போதும், ஒன்றுக்கொன்று பத்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாத்தான் உள்ளே பிரிக்கிற பேச்சுன்னார். இருபத்தைந்தாயிரம் வேலைக்கு அவசியமே இல்லை.

அன்றைக்கே வேற சின்னச் சின்னக் குறைகளும் கிடைத்தன. கைப்பிடியைக் கடைசி வரைக்கும் முறுக்கினாலும் கார்பரேட்டர் வாய் முக்கால்தான் திறந்தது, கேபிள் தளர்ந்திருந்தது. தண்ணீர் பம்ப் உள்ளே இருக்கிற ரப்பர் இலைகள் ஒரே பக்கமா மடிந்து இறுகிப் போயிருந்தன, வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்ததால். கொள்ளிடத்து மணல் வேற அதைத் தின்றிருக்கு. இன்ஜின் ஓடும்போது பின்பக்கம் சின்னப் பையன் ஒன்றுக்குப் போகிற மாதிரி ஒரு தாரை விழணும். அது மெலிந்தாலோ நின்றாலோ இன்ஜின் சூடேறுது, உடனே நிறுத்தணும். சூட்டிலும் இழுவை குறையும். பழைய மோட்டாரில் ஒரே குறை இருக்கும்னு நினைக்காதே, பெரியதைப் பிடித்தபிறகு சின்னதையும் தேடுன்னார்.

புதுக் குழாய், பந்து, பம்ப் டயாப்ரம், ரப்பர் இம்பெல்லர், பிளக் ரெண்டு, எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். கூலி வாங்க மாட்டேன்னுட்டார். அடுத்த முறை வரும்போது ஒரு கூடை கத்தரிக்காய் கொண்டு போய்க் கொடுத்தேன்.

இனி எழுதுவது அவர் கேட்ட வரிசை. பழைய அவுட்போர்டு வைத்திருக்கிறவர்கள் யாரும் இதை வைத்துப் பார்க்கலாம்.

இழுவை போனால் சத்தத்தைக் கேளுங்க. சத்தம் ஏறினால் விசிறி, இறங்கினால் இன்ஜின்.

எப்போது விழுதுன்னு பாருங்க. எடுத்ததிலிருந்தே மந்தமா இருந்தால் பிளக், கேபிள், கம்ப்ரெஷன், புகைபோக்கிக் கரி. சில நிமிஷம் கழித்து விழுந்தால் பெட்ரோல் வரத்து, இல்லை சூடு. சூடாகி விழுந்து, ஆறினதும் பழையபடி ஓடினால் காயிலைச் சந்தேகப்படணும்.

டேங்க் மூடிக் காற்றுத் திருகு, பந்து, குழாய், பில்டரில் தண்ணீர், இந்த நாலையும் ஸ்பேனர் எடுக்கும் முன்னாடி பாருங்க. முடிந்தால் நல்லா ஓடுகிற ஒருத்தரிடம் டேங்கையும் குழாயையும் கடன் வாங்கி மாட்டிப் பாருங்க. ஒரு மணி நேர வேலை, நாலு சந்தேகம் தீர்ந்துவிடும்.

ரெண்டு சிலிண்டரில் ஒன்று செத்திருக்கான்னு தெரிய, ஒவ்வொரு பிளக் வயராக எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கணும். எடுத்தால் சத்தம் விழுகிற சிலிண்டர் உயிரோட இருக்கு. மாற்றமே இல்லைன்னா அதுதான் செத்தது. வயரை ஓடும்போது பிடுங்காதீங்க. நிறுத்திவிட்டு எடுத்து, அதில் ஒரு பழைய பிளக்கை மாட்டி இன்ஜின் உடம்பில் படுகிற மாதிரி கட்டிவிட்டு ஓட்டணும். இல்லைன்னா ஷாக்கும் அடிக்கும், மின்சாரப் பெட்டியும் போகும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு கம்ப்ரெஷன் பாருங்க. அதுக்கப்புறம்தான் போர்.

வீட்டுக்கு வந்ததும் நாலு வீட்டுக்காரரையும் கூப்பிட்டு அந்தக் கீறின குழாயைக் காட்டினேன். மோட்டார் ஏமாற்றவில்லை, நான் போட்ட குழாய்தான்னு சொன்னேன். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அப்புறம் தனியா கிழக்கு வீட்டு அத்தையிடம் போய், "அந்த ஆடு என்னாலதான் போச்சு அத்தை. எங்க வெள்ளாடு குட்டி போட்டதும் ஒரு பெட்டைக்குட்டி தர்றேன்"ன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டு இருந்தாங்க. "குடு, வாங்கிக்கிறேன். வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப போட்ட குழாயி நல்லதா, அத மொதல்ல சொல்லு. அடுத்த தடவையும் ஏறப்போறது நாந்தான்."

2024 ஆகஸ்ட்டில் திரும்பத் தண்ணீர் வந்தது. மேட்டூர் நிரம்பினதும் ரெண்டு நாள் முன்னாடியே மோட்டாரைக் கட்டிப்போட்டு, முழுசா பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தோம். ஆறு நடை போனோம். அத்தை ரெண்டாவது நடையில், நான் கொடுத்த ஆட்டையும் அதன் குட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாங்க. மோட்டார் ஒரு தடவை கூட மூச்சு வாங்கவில்லை. பையன் டேங்க் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், ஒரு கை பந்து மேலே.

இப்போது ஆடி பிறந்தால் எங்களுக்கு இது ஒரு வழக்கம். பழைய பெட்ரோலை வடித்து எடுத்து விடுவோம். புதுசு வாங்கி, லிட்டருக்கு 20 மில்லி ஆயில், எங்க மோட்டாருக்குக் கம்பெனி சொன்ன கணக்கு அது, அளந்து கலப்போம். குழாயை விரலால் நசுக்கிப் பார்ப்போம். துறையில் கட்டிப்போட்டு ஓட்டுவோம். வேலை முடிந்ததும் குழாயைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து நிற்கிற வரைக்கும் ஓட்டி நிறுத்துவோம். இதை எல்லாம் பையன்தான் செய்கிறான். நான் கயிறு இழுப்பதோட சரி.

போன் பண்ணினவருக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீர்கள். அவரிடம் கேட்ட நாலு கேள்வியில், எடுத்ததிலிருந்தே மந்தம், சத்தம் இறங்குது, பந்து நல்லா நிறைந்து இருக்குன்னார். அப்போது என் குழாய்க் கதை அவருக்கு உதவாது. பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன். முந்தாநாள் திரும்பப் பேசினார். மேல் சிலிண்டர் எரியவே இல்லை, வயர் தொப்பிக்குள் உப்புப் பூத்து பச்சையாக இருந்ததாம். சுத்தம் பண்ணி, வயர் நுனியை வெட்டி, புதுத் தொப்பி போட்டதும் பழையபடி இழுக்குதாம்.

"யாருண்ணே கண்டுபிடிச்சது, நீயா?"ன்னு கேட்டேன்.

"இல்லண்ணே, எங்க வீட்டுப் பொண்ணு. ஒரு பக்கம் டிக் டிக்னு சத்தம் கேக்குதுன்னு ரெண்டு மாசமா சொல்லிட்டுத்தான் இருந்துச்சு"ன்னார்.